டிராக்டர் டிரெய்லர் விளக்கு வயரிங்: பழுது தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரும்பு ஏற்றிக்கொண்டு இரவில் ஆலைக்குப் போகும் டிராக்டருக்குப் பின்னால் பைக்கில் வருகிறவருக்கு, முன்னே ஒரு டிரெய்லர் போகிறது என்று சொல்வதற்கு இரண்டு சிவப்பு விளக்குகளை விட்டால் வேறு எதுவும் இல்லை. டிராக்டரின் சொந்தப் பின்விளக்குகளை டிரெய்லர் மறைத்துவிடும். ஆகவே டிரெய்லரில் விளக்கு எரியவில்லை என்றால் அந்த வண்டிக்குப் பின்விளக்கே இல்லை என்றுதான் பொருள். அப்படிப்பட்ட வயரிங்கில் பழுது வந்தால் பலர் பல்பை மாற்றுகிறார்கள், பிறகு ஹோல்டரை மாற்றுகிறார்கள், கடைசியில் புது வயரே இழுத்துவிடுகிறார்கள். மழை ஒன்று பெய்ததும் அதே பழுது மறுபடி வந்து நிற்கிறது.

காரணம் பெரும்பாலும் எர்த். பல்புக்குப் போன மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்ப வேண்டும். டிரெய்லரில் அதற்கென்று தனி வயர் இழுக்காமல், கொக்கியும் அதில் மாட்டும் இரும்பு ஆணியும் தொட்டுக்கொண்டிருப்பதையே எர்த்தாக நம்பி ஓட்டுவது மிகப் பரவலான தவறு. அந்த இடத்தில் கிரீஸ் இருக்கும், துரு இருக்கும், சேறு இருக்கும். வண்டி நிற்கும்போது தொடும். குழியில் இறங்கினால் விட்டுப்போகும். பட்டறையில் ஒழுங்காக எரிந்த விளக்கு சாலையில் விட்டுவிட்டு எரிவது இதனால்தான்.

எர்த் போனதற்குத் தெளிவான அடையாளம் உண்டு. பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் விளக்கு பளிச்சென்று எரியாமல் மங்கலாக எரியும். அதே நேரத்தில் டிராக்டரின் மீட்டர் பலகை விளக்கும் லேசாக மினுங்கும். பல்புக்குள் பிரேக்குக்கு ஒன்று, பின்விளக்குக்கு ஒன்று என்று ஒளிரும் இழைகள் இரண்டு இருக்கும். மின்சாரம் பிரேக் இழையைக் கடந்தபின் திரும்பிப் போக வழியில்லாமல், பக்கத்திலுள்ள பின்விளக்கு இழை வழியாகத் தலைகீழாகப் பாய்ந்து, டிராக்டரின் விளக்குகளைத் தொட்டு எர்த்தைத் தேடிப் போகிறது. இதைப் பார்த்து, ஏதோ இரண்டு வயர்கள் ஒட்டிவிட்டன என்று நினைத்து மொத்த வயரிங்கையும் பிரித்துப்போடுகிறவர்கள் உண்டு. பிரிக்க வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு நீள வயரைக் கொண்டுபோய் டிரெய்லர் விளக்கின் எர்த் முனையில் பிடித்துப் பாருங்கள். எல்லாம் சரியாக எரிந்தால் குற்றவாளி எர்த்தான். டிராக்டரில் செருகும் பிளக்கின் மூன்றாம் பின்னிலிருந்து (அதுதான் எர்த்) இரண்டு பின்விளக்குகளுக்கும் தனி வயர் இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டிய சேஸிஸில் போல்ட் போட்டு ஒரு லக்கையும் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) இறுக்கிவிடுங்கள்.

அடுத்தது பிளக். ஏழு பின் பிளக்கிலும் சாக்கெட்டிலும் ஒவ்வொரு முனைக்கும் அருகில் எண் அச்சிட்டிருக்கும். வழக்கமான 12 வோல்ட் முறையில் 1 இடது இண்டிகேட்டர், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது பின்விளக்கு, 7 இடது பின்விளக்கு, 6 பிரேக், 3 எர்த். இரண்டாம் எண் பனிவிளக்குக்கு உரியது. நம்மூர் டிரெய்லர்களில் அது பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். வயரின் நிறத்தை நம்பி இணைப்பது பெரிய தவறு. தர முறைப்படி எர்த் வெள்ளை, பிரேக் சிவப்பு, இடது இண்டிகேட்டர் மஞ்சள் என்று இருந்தாலும், பல கை பட்ட டிரெய்லரில் கடையில் அன்று கிடைத்த நிறம்தான் ஓடும். ஊரில் ஒரே டிரெய்லரை மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் தங்கள் டிராக்டரில் மாட்டுவார்கள். ஒருவர் வண்டியில் சரியாக எரிந்தது இன்னொருவர் வண்டியில் இடம்வலம் மாறி எரிந்தால், டிரெய்லரைத் தொடுவதற்கு முன் இரண்டு டிராக்டர்களின் சாக்கெட்டையும் எண் வாரியாகச் சோதியுங்கள்.

சாக்கெட்டின் மூடி உடைந்து போயிருந்தால் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அதன் மேலேயே பிளக்கைச் செருகி ஆட்டி ஆட்டி எரியவைப்பது சில நிமிடங்களுக்குத்தான் உதவும். நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, நடுவில் பிளவுள்ள பித்தளைப் பின்களைக் கத்தி நுனியால் மெல்ல விரித்து, கொஞ்சம் வாசலின் தடவுங்கள். மூடியையும் மாற்றிவிடுங்கள்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை மட்டும் நம்புவதும் ஆபத்து. பத்து இழைகள் அறுந்து ஒரே இழையில் தொங்கும் வயரும் மீட்டரில் 12 வோல்ட் காட்டும். விளக்கை எரியவிட்டால்தான் சாயம் வெளுக்கும். 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் சேர்த்து டெஸ்ட் லாம்ப் செய்துகொள்ளுங்கள். அது எடுக்கும் ஏறக்குறைய 1.75 ஆம்பியரைத் தாங்க முடியாத வயர் உடனே அகப்பட்டுவிடும். மீட்டர்தான் இருக்கிறது என்றால், விளக்கு எரியும்போதே பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பின் உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. சோதிப்பதற்காக வயரின் தோலில் ஊசி குத்தாதீர்கள். அந்த ஓட்டை வழியாக நீர் இறங்கி, சில மாதங்களில் உள்ளே செம்பு பச்சையாகிப் பொடிந்துவிடும்.

பியூஸ் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அடிக்கடி பியூஸ் போகிறது என்று 10 ஆம்பியருக்குப் பதில் 30 போடுவதும், செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவதும் விளையாட்டல்ல. மேலே வைக்கோல் ஏற்றியிருக்கும் டிரெய்லரின் அடியில் வயர் பழுக்கக் காய்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஷார்ட்டைப் பிடிக்க எளிய வழி இருக்கிறது. அந்த லைனின் பல்புகளைக் கழற்றிவிட்டு, பியூஸ் இருக்கும் இடத்தில் டெஸ்ட் லாம்பை மாட்டி, சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை லாம்ப் முழு வெளிச்சத்தில் எரியும். டிரெய்லர் பிளக்கைப் பிடுங்கியதும் வெளிச்சம் இறங்கினால் பழுது டிரெய்லர் பக்கம். மறுபடி செருகி, வயரைப் பிடித்து ஓரோர் இடமாக ஆட்டிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் லாம்ப் கண்சிமிட்டுகிறதோ அங்கேதான் தோல் உரிந்திருக்கிறது. டிப்பராக இருந்தால் தொட்டி தூக்கும் கீல் பக்கத்தில் முதலில் பாருங்கள்.

பல்பு மாற்றும்போதும் தவறு நடக்கிறது. பின்விளக்கும் பிரேக்கும் சேர்ந்த 21/5 வாட் பல்புக்கு இரண்டு இழைகள். அதன் பக்கவாட்டு முளைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. தப்பாக மாட்டிவிடாமல் இருக்கத்தான் அந்த அமைப்பு. அதை அழுத்தித் திருப்பித் தலைகீழாக மாட்டினால், பின்விளக்காக 21 வாட் இழை எரியும். பிரேக் மிதித்தால் வித்தியாசமே தெரியாது. ஒற்றை இழை பல்பை அந்த ஹோல்டரில் திணித்தால் இரண்டு முனைகளும் ஒன்றாகிவிடும்.

டிரெய்லரை மாட்டியதும் இண்டிகேட்டர் படபடவென்று அடித்தால், உடனே பிளாஷரை (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் சிறு பெட்டி) தூக்கி எறியாதீர்கள். அதன் மேல் 2+1 × 21 வாட் என்பது போல எழுதியிருக்கும். வண்டியில் இரண்டு, டிரெய்லரில் ஒன்று என்று அர்த்தம். ஒரு பல்பு போயிருந்தாலும் வேகம் கூடும். எல்இடி மாட்டினால் அது எடுக்கும் மின்சாரம் குறைவு என்பதால், பல்பு போய்விட்டது என்று பிளாஷர் எடுத்துக்கொள்ளும். அப்போது எல்இடிக்கு ஏற்ற பிளாஷர் வேண்டும்.

மெல்லிய வயர் வாங்கி மிச்சம் பிடிக்க வேண்டாம். அரை சதுர மில்லிமீட்டர் வயரை 8 மீட்டர் இழுத்து இரண்டு பிரேக் பல்புகளை எரித்தால், போகும் வழியில் மட்டுமே ஏறக்குறைய ஒரு வோல்ட் காணாமல் போகும். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்குதான். முறுக்கி டேப் சுற்றிய மூட்டுகளைச் சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடுங்கள். வெயிலில் டேப்பின் பசை இளகிவிடும். கொக்கிப் பக்கம் வண்டி முழுதாகத் திரும்பும் அளவுக்கு வயரில் தளர்வு விடுங்கள், ஆனால் தரையில் உரச விடாதீர்கள். டிரெய்லரில் வெல்டிங் வைக்கும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். பின்விளக்கைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடியே இண்டிகேட்டரையும் போட வேண்டும். எர்த் பலவீனமாக இருந்தால் அப்போதுதான் தெரியும். பிறகு ஒருவர் கொக்கியின் மேல் ஏறி நின்று ஆட்ட, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். பாரம் ஏற்றிய பிறகும் ஒருமுறை பின்னால் போய்ப் பாருங்கள். கரும்புத் தோகை விளக்கின் மேல் தொங்கினால் வயரிங் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. நீளமான கேபிள் வைத்த ஒரு விளக்குப் பலகையைத் தயார் செய்து, பாரத்தின் கடைசி முனையில் கட்டிவிடலாம். சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கரையும் அந்தப் பலகையிலேயே ஒட்டி, புறப்படும் முன் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.