பட்டாவைப் பிடித்துப் பூட்டனைத் தேடுவது

இன்றைய பட்டாவிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் சர்வே எண்களும் உட்பிரிவுகளும் மாறின. பழைய எண்ணைக் கண்டுபிடிக்காமல் மேலே போனால் அடுத்தவர் வயலில்தான் நிற்பீர்கள். பழைய எண் கிடைத்ததும் ஆங்கிலேயர் கால செட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணய) பதிவேட்டில் பட்டாதாரர் பெயரைப் பாருங்கள். கூட்டுக் குடும்பமென்றால் மூத்தவர் பெயர் மட்டும் இருக்கலாம். தம்பிகள் இல்லையென்று முடிவுகட்ட வேண்டாம்.

நிலம் இனாமா, அதாவது வரியில்லாமலோ குறைந்த வரியிலோ விட்ட மானியமா? அப்படியென்றால் அதிர்ஷ்டம்தான். 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளில் மானியம் பெற்றவர், அனுபவிப்பவர், அவர்களுக்குள் உறவு என்று தலைமுறைகளே கிடைக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வட்டம், கிராமம் சொல்லிக் கேளுங்கள்.

பழைய நிலப் பதிவேடுகளில் பசலி ஆண்டுதான் (ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு) இருக்கும். அதனுடன் 590 கூட்டுங்கள்: பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை.

வம்சாவளிக்கு நீதிமன்றமே சுரங்கம். பாகப்பிரிவினை வழக்கின் பிராதில் (வழக்கு தொடுத்தவரின் மனுவில்) வம்ச வரிசை இருக்கும். வழக்கு எண் பெரும்பாலும் பின்னாளைய கிரயப் பத்திரத்திலேயே ஒளிந்திருக்கும். கீழ்க்கோர்ட்டுக் கட்டுகள் காலக்கெடு முடிந்தால் அழிக்கப்படும். மேல்முறையீடு நடந்திருந்தால், 1876 முதல் வெளியான சென்னைத் தீர்ப்புத் தொகுப்புகளையும் புரட்டுங்கள்.