தூண்டில் வளைவு கேட்பதற்கு முன்

எங்கள் ஊருக்கும் தூண்டில் வளைவு, அதாவது கரை அரிக்காமல் மணலைப் பிடிக்கக் கடலுக்குள் நீட்டும் கற்சுவர், வேண்டும் என்று மனு எழுதி என்னிடம் கையெழுத்து வாங்க வருகிறார்கள். இருபது வருடம் கடலில் கல் கொட்டும் வேலையை மேற்பார்த்தவன் நான். மனுவை மடித்து வைத்துவிட்டு அளவு நாடா ஒன்று வாங்கி வாருங்கள் என்பேன்.

கோயில் மதில் போல அசையாத இடத்திலிருந்து, அலை ஏறி நனைத்த கடைசிக் கோடு வரை அளந்து எழுதுங்கள். அமாவாசைதோறும், ஓராண்டு முழுவதும். தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் மணல் வடக்கே போகும். வாடையில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஐப்பசி அரிப்பை மட்டும் பார்த்துப் பதறக் கூடாது. மாசிக்குள் பாதி மணல் தானே வந்து சேர்ந்துவிடுவதும் உண்டு.

ஆண்டு முடிந்தும் கரை குறைந்திருந்தால் கல் கணக்குக்கு வாருங்கள். மேல் அகலம் 4 மீட்டர், லாரி ஓட வேண்டுமே. உயரம் 4 மீட்டர். இருபுறச் சரிவு, மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர். குறுக்குவெட்டு 40 சதுர மீட்டர் வரும். கல்லிடுக்கு வெற்றிடத்துக்கு நூற்றுக்கு நாற்பது கழித்தால் மீட்டர் நீளத்துக்கு 24 கன மீட்டர் கல், சுமார் 64 டன். நூறு மீட்டருக்கு 6,400 டன், அதாவது 16 டன் லாரியில் 400 நடை. ஆழம் கூடி உயரம் 6 மீட்டரானால் குறுக்குவெட்டு 78. செலவும் ஏறக்குறைய இரட்டிப்பு. அலை இரு மடங்கு உயர்ந்தால் மேலடுக்குக் கல் எட்டு மடங்கு கனக்க வேண்டும். சுவரின் முனையில் டெட்ராபாட் என்ற நாலு கால் கான்கிரீட் கட்டிகளை அடுக்குவது இதனால்தான்.

மணல்மேல் நேரே கல் போடாதீர்கள். அடியில் வடிகட்டித் துணி வேண்டும். ஒருமுறை அவசரத்தில் இரண்டு விரிப்புகளைப் போதிய அளவு மேலேற்றிப் போடாமல் விட்டேன். ஒரே மழைக்காலத்தில் அந்த இடத்தில் மட்டும் சுவர் முழங்கால் ஆழம் இறங்கிவிட்டது. துணிக்கு மேல் சிறு கல், பிறகு நடுத்தரம், வெளியே பெருங்கல். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்றால் உள்ளே விரிசல், திருப்பி அனுப்புங்கள். உருண்டைக் கல்லும் ஆகாது. வைத்த கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். ஆடினால் எடுத்து மறுபடி வைக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

ஒப்பந்த மதிப்பில் வராத செலவு வடக்கே இருக்கிறது. 1870களில் வேலை தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் சுவர் மணலைத் தெற்கே பிடித்துவைத்தது, மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது, அங்கேயும் கல் கொட்டினார்கள். உங்கள் சுவர் பிடிக்கும் மணலும் அடுத்த குப்பத்துக்குப் போக வேண்டியதுதான். அதை அள்ளி அந்தப் பக்கம் கொட்ட ஆண்டுதோறும் ஆகும் செலவையும், சரிந்த கல்லைத் திரும்ப அடுக்கும் செலவையும் மதிப்பீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வடக்கூர்க்காரர்களையும் இதே அமாவாசைகளில் அளக்கச் சொல்லுங்கள். அவர்கள் நோட்டும் மனுவோடு இருந்தால் நான் கையெழுத்துப் போடுகிறேன்.