சபை இல்லாத இடமா அது?

அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளும் நெருங்கி வாழும் வறிய பகுதிகளில் கிறிஸ்தவ சபை நிறுவப் போகிறவர்கள், பெரும்பாலும் கிளம்பும்போதே ஒரு தவறோடு கிளம்புகிறார்கள். அங்கே சபையே இல்லை என்று நினைக்கிறார்கள். இருக்கிறது. சலவைக் கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் நடுவே, ஒரு காலத்தில் மளிகைக் கடையாக இருந்த அறையில், கையால் எழுதிய பலகையின் கீழ் இருபது முப்பது பேர் கூடுகிறார்கள். கோபுரம் இல்லாததால் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளையர் சபையில் சமமாக நடத்தப்படாத கறுப்பினப் போதகர் ரிச்சர்ட் ஆலன், 1794இல் பிலடெல்பியாவில் பெத்தேல் சபையைத் தொடங்கியது பழைய கொல்லன் பட்டறை ஒன்றை இழுத்துவந்து நிறுத்தித்தான். 1906இல் லாஸ் ஏஞ்சலஸின் அசுசா தெருவில் கறுப்பினப் போதகர் வில்லியம் சீமோர் ஜெபக்கூட்டம் நடத்திய கட்டடம் அதற்கு முன் குதிரை லாயமாகவும் இருந்தது. அடிமைகளாக இருந்தவர்களின் மகன் அவர். பரிசுத்த ஆவியின் வரங்களை வலியுறுத்தும் பெந்தெகொஸ்தே எழுப்புதல் உலகெங்கும் பரவியதற்கு அந்த லாயம் ஒரு பெரிய ஊற்று. இப்படிப்பட்ட மக்களிடம் ‘வெளிச்சம் கொண்டுவருகிறோம்’ என்று துண்டறிக்கை நீட்டுவதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சில மாதங்கள் அந்தச் சிறிய சபையின் கடைசி வரிசையில் உட்காருங்கள். பிறகு அதன் போதகரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். ‘இன்னொரு சபை வேண்டாம், பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தர ஆள் வேண்டும்’ என்பாரானால், உங்கள் ஊழியம் அதுதான்.

அடுத்தது பிரசங்கம். சிக்கனம், ஒழுக்கம், உழைப்பு என்று மூன்று வாரம் தொடர்ந்து பேசுகிறவருக்கு, 1930களில் அரசு நிறுவனமே கறுப்பினப் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்த கதை தெரிந்திருக்காது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த கூட்டாட்சிச் சட்டம் 1968இல்தான் வந்தது. கடன் மறுக்கப்பட்ட தாத்தாவின் பேரன் சிக்கனப் பிரசங்கத்தை மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருப்பான். அடுத்த வாரம் வரமாட்டான்.

ஆராதனை நேரத்தையும் யோசியுங்கள். ஞாயிறு காலையில் ஹோட்டல் அறைகளைத் துடைக்கிறவர்களுக்குப் பதினொரு மணி உதவாது.

ஆனால் இத்தகைய சபைகள் உண்மையில் உடைகிற இடம் காசோலை. உள்ளூர்க்காரர் ஒருவரைப் போதகராக்கி, சுவரொட்டியில் படமும் போட்டுவிடுவார்கள். ஜனவரிக் குளிரில் ஹீட்டர் பழுதானால், அதைச் சரிசெய்யும் காசோலையில் கையெழுத்திட வேண்டியவர் நாற்பது மைல் தள்ளி, இந்த ஊழியத்துக்கு ஆளும் பணமும் அனுப்பிய சபையின் அலுவலகத்தில் இருப்பார். கமிட்டி அடுத்த மாதம்தான் கூடும். கோட்டும் தொப்பியுமாக நின்று பாடுகிற விசுவாசிகளுக்கு, இது யாருடைய சபை என்பது அன்றைக்கே புரிந்துவிடும்.

எருசலேமின் முதல் சபையிலும் இந்தச் சிக்கல் வந்தது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டு, முறுமுறுப்பு எழுந்தது. வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், பந்தி விசாரணைக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களைப் படித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

வங்கிக் கணக்கு தொடங்கும் நாளிலேயே இரண்டு உள்ளூர்க் கையெழுத்துகள் இருக்கட்டும். பணம் தவறிப்போகுமே என்று யாராவது கேட்பார்கள். அனுப்பிய சபையில் தவறியதே இல்லையா என்ன?