பழைய கியூவைப் புதிதாக்காதீர்கள்

கியூ என்பது பூல் மேசையில் பந்தை அடிக்கும் கோல். நான் வாங்கிய முதல் கைவேலைக் கியூவின் கைப்பிடி அழுக்கேறிக் கறுத்திருந்தது. ஐரிஷ் லினன் நூல் சுற்று. வெள்ளையில் பச்சைப் புள்ளி என்று யாராவது சொன்னால்தான் தெரியும், பார்வைக்கு வெறும் பழுப்பு. வாங்கிய இரண்டாம் நாளே நூலைப் பிரித்துப் போட்டுவிட்டு, பளபளவென்று கறுப்புத் தோல் சுற்றி வாங்கிவந்தேன். வெகுகாலமாகக் கியூ சேர்க்கும் ஒரு பெரியவரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் நாலு தடவை திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. பழைய நூலை என்ன பண்ணீங்க?" என்றார். குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். கியூவைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

செய்த தவறின் முழு அளவு பிறகுதான் தெரிந்தது. தோல் நூலைவிடத் தடிமன் கூடுதல். அது மட்டமாக உட்கார வேண்டும் என்பதற்காகக் கைப்பிடிப் பள்ளத்தை லேத்தில் கொஞ்சம் ஆழப்படுத்தியிருந்தார்கள். இனி அதே ரகத்தில் பழைய நூலைத் தேடிப் பிடித்துச் சுற்றினாலும், அது பள்ளத்துக்குள் அமுங்கித்தான் நிற்கும். கடைந்தெடுத்த மரம் கடைந்ததுதான்.

கியூ சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம். அலட்சியத்தால் கெட்ட கியூவைவிட ஆசையால் கெட்ட கியூதான் அதிகம் என்று தோன்றுகிறது. மீதிப் பாதி, வாங்கும்போது நடப்பவை. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

பெயரைப் பார்த்து மயங்குவது

இந்த உலகத்தில் நுழைகிறவர் காதில் முதலில் விழும் பெயர் ஜார்ஜ் பாலபுஷ்கா. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர், மர வேலை தெரிந்தவர். 1959இல் நியூயார்க்கின் புரூக்ளினில் கியூ செய்யத் தொடங்கி 1975இல் இறக்கும்வரை செய்தார். மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் இருக்கலாம், அவ்வளவுதான். சரக்கு குறைவு, பெயர் பெரிது. அப்புறம் போலி முளைக்கக் கேட்கவா வேண்டும்? 1986இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் பாலபுஷ்கா என்று சொல்லிக் காட்டப்பட்ட கியூவே, உண்மையில் ஜாஸ் என்ற கியூ நிறுவனம் அதே சாயலில் செய்ததுதான்.

போலியை வாங்குவது ஒரு தவறு. அதற்குப் பயந்து, நல்ல கியூவைப் போலி என்று தள்ளிவிடுவது இன்னொன்று. பாலபுஷ்காவின் கியூவில் முன்பகுதியை, அதாவது கைப்பிடிக்கு மேலே நடு இணைப்பு வரையுள்ள மரத்தை, இணைத்த கை வேறொருவருடையதாக இருந்தால் சிலர் திடுக்கிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அது சகஜம். தொடக்கத்தில் அவர் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் கியூக்களை அறுத்து, அதன் முன்பகுதியைப் பயன்படுத்தினார். பின்னால் பர்ட்டன் ஸ்பெயின், கஸ் சாம்போட்டி போன்றவர்கள் செய்து கொடுத்த முன்பகுதிகளை எடுத்துக்கொண்டார். கியூவில் பெயர் பொறிக்காமல் விடுவதும் அப்போது சாதாரணம். ஆகவே கையெழுத்து இல்லை என்பதால் ஒன்று போலியாகிவிடாது, இருக்கிறது என்பதால் அசலாகிவிடவும் செய்யாது. பேனாவும் பொறிப்பு ஊசியும் யாரிடமும் கிடைக்கும்.

பட்டறைப் பெயர் ஒன்றே என்பதால் எல்லாம் ஒன்று என்று நினைப்பதும் இதே குடும்பத்துத் தவறு. லாஸ் வேகாஸின் சவுத் வெஸ்ட் பட்டறையைத் தொடங்கிய ஜெர்ரி ஃபிராங்க்ளின் 1996இல் காலமானார். பட்டறை தொடர்ந்து நடந்தது, தரமும் குறையவில்லை. ஆனாலும் சேகரிப்பாளர்கள் அவர் காலத்துக் கியூவைத் தனியாகத்தான் மதிக்கிறார்கள். வருடம் தெரியாமல் பெயருக்கு மட்டும் விலை கொடுத்தால் அதிகமாகக் கொடுக்க நேரும்.

விற்பவர் சொல்லும் கதையைவிடத் தாள் முக்கியம்: செய்தவரின் கடிதம், முதல் ரசீது, பழைய புகைப்படம். அதிலும் புகைப்படத்தை நான் பெரிதாக மதிப்பேன். மேப்பிள் மரத்தின் ரேகை கைரேகை மாதிரி, இரண்டு துண்டுக்கு ஒரே மாதிரி அமையாது. முப்பது வருடத்துக்கு முந்தைய படத்தில் மரத்தில் இருக்கும் கண் போன்ற புள்ளிகள் உங்கள் கையில் இருக்கும் முன்பகுதியிலும் அதே இடத்தில் இருந்தால், அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

கண்ணும் நகமும்

வழக்கமான கியூ 58 அங்குலம், நடுவில் பிரியும். பிரியும் அந்த இணைப்புதான் ஜாயின்ட். அடிப்பாகம் பட், மெல்லிய மேல்பாகம் ஷாஃப்ட். பட்டின் முன்பகுதியில் ஈட்டி முனை போல மேலேறும் மரக்கூர்கள்தான் பாயின்ட். கருங்காலி, ரோஸ்வுட் என்று வேறு மரத்தில், ஓரத்தில் வண்ண வெனீர் (மெல்லிய மரத்தகடு) அடுக்கோடு இருக்கும். சேகரிப்பாளர் கண் முதலில் போவது அங்கேதான்.

பாயின்ட்கள் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஏன் என்று தெரியாமல் பார்ப்பவர்களே அதிகம். பாயின்ட் உட்காரும் பள்ளம் 'வி' வடிவம், முனையை நோக்கிப் போகப் போக ஆழம் குறையும். லேத்தில் மேல்மரத்தைச் சீவச் சீவப் பாயின்ட் ஒல்லியாகும், முனை கீழிறங்கும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகச் சீவினால் அந்தப் பக்கத்துப் பாயின்ட் மட்டும் குட்டையாகும். ஆகவே குட்டையான ஒரு பாயின்ட்டுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். முதலிலேயே மையம் தப்பியிருக்கும். அல்லது வளைந்த கியூவை யாரோ பிறகு நேராக்கக் கடைந்திருப்பார்கள். இரண்டாவது என்றால் சுற்றளவும் குறைந்திருக்கும், வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, ஜாயின்ட்டுக்குக் கீழே இருக்கும் வளையங்கள் மேல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். மரம், தந்தம், உலோகம் மூன்றும் ஒரே அளவில் சுருங்கி விரிவதில்லை. ஐம்பது வருடம் கழித்து அவை சேரும் இடத்தில் மயிரிழை மேடு தட்டுவது இயல்பு. எங்கும் தட்டாமல் கண்ணாடி மாதிரி நகம் வழுக்கினால், "எப்ப மறுபூச்சு போட்டீங்க?" என்று கேளுங்கள். பலர் அந்த வழவழப்பைத்தான் நல்ல நிலை என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

மேசையில் உருட்டிப் பார்ப்பதிலும் அவசரம் கூடாது. முழுக் கியூவாக உருட்டி ஆட்டம் கண்டதும் வளைவு என்று முடிவு கட்டாமல், ஷாஃப்டையும் பட்டையும் தனித்தனியே உருட்டுங்கள். இரண்டும் நேராக இருந்து சேர்த்தால் மட்டும் ஆடினால், பல நேரம் ஜாயின்ட் முகத்தில் ஒட்டிய, கியூ நுனியில் தேய்க்கும் சாக்குத்தூள்தான் குற்றவாளி. துடைத்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். மேசையே மட்டமா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், வேறொன்றுமில்லை.

கைவேலை என்றால் இயந்திரமே படாதது என்ற நம்பிக்கையும் உண்டு. லேத் இல்லாமல் கியூ ஏது? மரத்தில் வேறு துண்டுகளைப் பதிக்கும் பதிப்பு வேலையில் கத்தி சுழன்று வெட்டினால் உள்மூலை உருண்டையாக வரும், உளி பிடித்த கை மூலையைக் கூராக்கும். அதைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

உப்புத்தாளை ஒளித்து வையுங்கள்

ஷாஃப்டில் நீலச் சாக்குத்தூள் படிந்து, விரல் பட்ட இடம் சாம்பல் நிறமாகியிருக்கும். உடனே உப்புத்தாளை எடுப்போம். ஒவ்வொரு தேய்ப்பும் மரத்தைத் தின்னும். முனையில் 13 மில்லிமீட்டர் இருந்த ஷாஃப்ட் சில வருடத்தில் 12.5க்கு வந்து நிற்கும். செய்தவர் மாதக்கணக்கில் ஆறப்போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து கொண்டுவந்த சரிவு அதோடு போச்சு. சேகரிப்புக்கு வாங்கிய கியூ என்றால், தேய்க்கப்படாத அசல் ஷாஃப்ட், அழுக்கோடு இருந்தாலும், வெளுத்த ஷாஃப்டைவிட மேல். உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரத்துணி நாரை எழுப்பிவிடும், பிறகு அதை அடக்க மறுபடி உப்புத்தாள்.

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் நல்லது. எண்ணைவிட முக்கியம், அது ஏறி இறங்காமல் இருப்பது. வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் ஒரே ஒரு மதியம் போதும், பசை இளகுவதற்கு. ஷாஃப்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், மெத்தென்ற பிவிசி உறையில் மாதக்கணக்கில் அடைக்காதீர்கள். பழைய லாக்கர் பூச்சு அதோடு ஒட்டிக்கொண்டு தழும்பாகும்.

பழுது தவிர்க்க முடியாதென்றால், செய்தவரே உயிரோடு இருந்தால் அவரிடமே கொடுங்கள். கழற்றிய நூல், பழைய ஃபெரூல் (ஷாஃப்ட் நுனியில் மாட்டும் வளையம்), தேய்ந்த டிப் (பந்தில் படும் தோல் முனை) எதையும் எறியாமல் ஒரு உறையில் போட்டுக் கியூவோடு வையுங்கள். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வலிக்கிறது.

எல்லை தாண்டும் கண்காட்சி

வெளிநாட்டுக் கண்காட்சிக்குக் கியூவை எடுத்துச் செல்பவர்கள் அதிலுள்ள பொருளை மறந்துவிடுகிறார்கள். பழைய உயர்தரக் கியூவில் ஃபெரூல், ஜாயின்ட், வளையம், பதிப்பு என்று எங்காவது யானைத் தந்தம் இருக்கும். ஆப்பிரிக்க யானை 1989இலேயே, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அமெரிக்கா 2016 ஜூலை முதல், மிகக் குறுகிய விலக்குகள் தவிர, தந்த வணிகத்தை ஏறக்குறைய முழுதாகவே தடுத்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அதே முதல் பட்டியலில் இருக்கிறது. விற்கவில்லை, காட்டத்தான் கொண்டுபோகிறேன் என்ற பதில் சுங்கத்தில் செல்லாமல் போகலாம். இரு நாட்டு அனுமதியும் கையில் வந்த பிறகே பெட்டியைக் கட்டுங்கள். பறிமுதலான கியூ திரும்பி வருமென்று நம்பி இருக்க வேண்டாம்.

மேசை மேல் வைக்கும்போது

கண்காட்சியில் நான் அடிக்கடி பார்க்கும் கொடுமை, வெளிச்சம். கியூ மின்ன வேண்டும் என்று தலைக்கு மேலேயே ஸ்பாட் லைட் போடுகிறார்கள். பச்சை, ஆரஞ்சு வெனீரெல்லாம் சாயம் ஏற்றிய மரம். அருங்காட்சியகங்கள் சாயத் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவில்தான் வெளிச்சம் வைக்கின்றன. உங்கள் அலமாரியில் வருடக்கணக்கில் நிற்கும் கியூவுக்கும் அதுதான் கணக்கு. ஒரே பக்கமாக வெளிச்சம் பட்ட கியூவைத் திருப்பிப் பார்த்தால், ஒரு பக்கப் பச்சை வெளிறி, மறுபக்கப் பச்சை அப்படியே இருக்கும். அதை எந்தப் பட்டறையாலும் சமன் செய்ய முடியாது.

சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், மரம் தன் எடைக்கே மெல்லத் தொய்யும். நிமிர்த்தி நிறுத்தலாம், அல்லது படுக்க வைத்து இரண்டு இடத்தில் தாங்கலாம். படுக்க வைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் நுனியிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு தள்ளி, ஃபெல்ட் ஒட்டிய தாங்கி. பிரித்தே வையுங்கள். பட் ஒன்று, பக்கத்தில் அதன் அசல் ஷாஃப்டுகள். ஜாயின்ட் முகத்தைப் பார்க்கத்தான் விஷயம் தெரிந்தவர்கள் குனிவார்கள்.

தொடலாமா என்று கேட்பார்கள். மறுக்கத் தயங்கி எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டு, இரவில் மோதிரக் கீறலை எண்ணிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் பிடித்துப் பார்க்கவென்றே ஒரு சாதாரணக் கியூவை ஓரத்தில் வைத்துவிட்டால் சண்டை இல்லை.

விவர அட்டையில் பெரும்பாலானவர்கள் செய்தவர் பெயரும் "அபூர்வம்" என்ற சொல்லும் மட்டும் எழுதுகிறார்கள். வருடம், மரங்கள், பாயின்ட் எண்ணிக்கை, ஜாயின்ட் வகை, எடை, ஷாஃப்ட் அளவு எல்லாம் வேண்டும். எது அசல் இல்லையோ அதுவும் வேண்டும். என் முதல் கியூ இப்போதும் ஒவ்வொரு கண்காட்சிக்கும் வருகிறது. அட்டையின் கடைசி வரி: "கைப்பிடி அசல் அல்ல. ஐரிஷ் லினன் நூல் அகற்றப்பட்டு, பள்ளம் ஆழப்படுத்தப்பட்டு, தோல் சுற்றப்பட்டது. செய்யச் சொன்னவர்: தற்போதைய உரிமையாளர்."