கிரெடிட் என்றால் வரவா, கடனா?

போன வாரம் வேலூர் லாங் பஜாரில் மளிகை வாங்கும்போது, பக்கத்தில் நின்ற பெரியவர் போனை நீட்டி, "தம்பி, கிரெடிட்னு ஏதோ வந்திருக்கு, கடன் ஏறிடுச்சா பாரு" என்று பதறினார். பார்த்தால் பென்ஷன் பணம் வந்து சேர்ந்த செய்தி. அவர் பயந்ததில் தப்பே இல்லை, அதே வார்த்தை கிரெடிட் கார்டில் கடன், சேமிப்புக் கணக்கில் வரவு.

லத்தீனில் 'நம்பு' என்ற பொருளுள்ள சொல்தான் இதற்கு வேர். நம்பிக் கொடுப்பதால் கடன். நம்ம ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஏற்றுமதிக்காரர்கள் சொல்லும் 'லெட்டர் ஆஃப் கிரெடிட்' இன்னும் அழகு: ஆவணங்கள் சரியாக இருந்தால் பணத்துக்கு நான் பொறுப்பு என்று வாங்குபவரின் பேங்க் எழுதித் தரும் உறுதி அது. இதே கிரெடிட் காலேஜில் பாடத்தின் எடை, சினிமாவில் உழைத்தவர்கள் பெயர். 'கிரெடிட் அவளுக்குத்தான்' என்றால் பாராட்டு.

அதனால் கூட வரும் வார்த்தையைப் பாருங்கள். கணக்கு எண்ணோடு 'கிரெடிடட்' என்றால் பணம் உள்ளே, 'டெபிடட்' என்றால் வெளியே. கார்டு பில்லில் ஒரு தொகைக்குப் பக்கத்தில் 'சிஆர்' என்று இருந்தால், அது உங்கள் பாக்கியில் கழிகிற பணம். அப்புறம், கடை வைத்திருப்பவர்கள் 'கிரெடிடட்' என்று வந்த எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பிப் பொருளைக் கொடுத்துவிடாதீர்கள், போலியாகவும் அனுப்புகிறார்கள். பேங்க் ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் போடவே தேவையில்லை, யார் கேட்டாலும் போடாதீர்கள்.