வேலைக்குத் திரும்பலாமா? உடம்பைச் சோதித்துப் பார்க்கும் விதம்

காயமோ நோயோ வந்து தேறி வேலைக்குத் திரும்ப நினைப்பவர்களிடம், பிசியோதெரபிஸ்டான நான் முதலில் கேட்பது, வேலையில் என்னென்ன செய்வீர்கள் என்றுதான். எத்தனை கிலோ, எந்த உயரத்துக்கு, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் சம்மதித்தபின் அதையே செய்து பாருங்கள்.

பெட்டியைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்குங்கள். லேசான எடையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மூச்சைப் பிடித்தாலோ, உடம்பு ஒருபக்கம் சாய்ந்தாலோ, பெட்டியை ஆட்டி உந்தித் தூக்கினாலோ அதோடு நிறுத்துங்கள். இன்னும் முடியும் என்று மனசு சொல்லும், கேட்காதீர்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் சோதனையே வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

நான் பெரிதாக மதிப்பது மறுநாள் காலையைத்தான். வலியோ அசதியோ கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள்.

அலுவலகத்தில் "லேசான வேலை" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். சோதனையில் உங்களால் முடிந்ததை, உதாரணத்துக்கு "10 கிலோ, இடுப்பு உயரம், இடையிடையே ஓய்வு" என்று எழுதிக் கொடுங்கள்.