தங்கம் திரண்டதெல்லாம் டிஎன்ஏவால் அல்ல

சாயமோ லேபிளோ ஒட்டாமல் டிஎன்ஏவைக் கண்டுபிடிக்கும் முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது தங்க நானோ துகள் முறை. ஒற்றை இழை டிஎன்ஏ தங்கத்தின் மேல் படிந்துகொண்டு, உப்பு போட்டாலும் துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும். நாம் தேடும் டிஎன்ஏ சாம்பிளில் இருந்தால், அந்த ஒற்றை இழை அதனோடு ஜோடி சேர்ந்து தங்கத்தைக் கைவிட்டுவிடும். காவல் போன துகள்கள் திரளும். மாதுளைச் சாறு போன்ற சிவப்பு நாவல்பழ ஊதாவாகும். அணுக்களை அயனியாக்கி நிறைவாரியாக எண்ணும் கருவியான ஐசிபி-எம்எஸ்ஸில் ஓட்டினால், தங்கத்தின் நிறை எண் 197-இல் தனித் துகளுக்குச் சின்னத் துடிப்பு, திரளுக்குப் பெரிய துடிப்பு.

ஆனால் துகள்கள் திரள டிஎன்ஏ தேவையே இல்லை. பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால்தான்.

சென்னையில் என் முதல் சந்தேகம் தண்ணீர் மேல். போர் தண்ணீரில் கழுவிக் காயவைத்த ஃபிளாஸ்கின் அடியில் வெள்ளையாக ஒரு வளையம் தெரியும், பாருங்கள். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோடியத்தைவிட மிகக் குறைந்த அளவிலேயே தங்கத்தைத் திரட்டிவிடும். கேன் தண்ணீரும் ஆகாது. உப்பு அயனிகளை அநேகமாக முழுக்க நீக்கிய 18.2 மெகாஓம் தண்ணீரில்தான் கடைசி அலசல்.

அடுத்தது எதை முதலில் சேர்ப்பது என்ற வரிசை. முதலில் டிஎன்ஏவும் தங்கமும், சில நிமிடம் பொறுத்து, அப்புறம்தான் உப்பு. சாம்பிள் கரைந்திருக்கும் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலிலேயே 137 மில்லிமோலார் சோடியம் குளோரைடு இருக்கிறது. சாம்பிளோடு அதுவும் கூடவே வருகிறது என்பதைக் கணக்கில் எடுங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது கரைசலில் துகள்களின் அடர்த்தி. ஒரு மாணவி பெரிய பெரிய துடிப்புகளோடு கிராஃபைக் கொண்டுவந்தார். முகமெல்லாம் சந்தோஷம். ஒரு துகளின் துடிப்பு அரை மில்லிசெகண்ட்தான் நீடிக்கும்; அவர் ஒவ்வொரு அளவீட்டுக்கும் 10 மில்லிசெகண்ட் வைத்திருந்தார். கரைசலும் அடர்த்தி. இரண்டு மூன்று துகள்கள் ஒரே அளவீட்டில் விழுந்து திரள் போலத் தெரிந்திருக்கின்றன. அதே சாம்பிளைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து ஓட்டச் சொன்னேன். பெரிய துடிப்புகள் அநேகமாகக் காணாமல் போயின. உண்மையான திரள் என்றால், எண்ணிக்கை குறைந்தாலும் மொத்தத் துடிப்புகளில் அதன் பங்கு பெரிதாக மாறாது. ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டு நீர்ப்பிலாவது ஓட்டுங்கள்.

கருவியை நைட்ரிக் அமிலம் மட்டும் விட்டுக் கழுவினால் தங்கம் அதன் குழாயிலேயே தங்கிவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் விட்டு, பிறகு நல்ல தண்ணீரை நிறைய ஓட்டுங்கள். மிச்ச அமிலமும் துகள்களைத் திரட்டும்.

அந்த ஒற்றை இழையோடு ஜோடி சேராத டிஎன்ஏவை அதே அளவில், அதே நாளில் கன்ட்ரோலாக வையுங்கள். அதுவும் ஊதாவானால் அன்றைய முடிவு எதையும் நோட்டில் எழுதாதீர்கள், தண்ணீரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.